புகைக்குப் பின் வரும் தாகம்

எங்கள் தெருமுனை டாஸ்மாக் கடையை ஒட்டி ஒரு பெட்டிக்கடை இருக்கிறது. ஒரு காலத்தில் அதன் கம்பத்தில், நுனி கனன்றபடி தேங்காய்நார்க் கயிறு தொங்கும். இப்போது அந்த இடத்தில் சணலில் கட்டிய லைட்டர். பகல் 12 மணிக்கு டாஸ்மாக் ஷட்டர் ஏறும்வரை பெட்டிக்கடைக்காரர் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். அதற்குப் பிறகு படிக்க நேரம் இருக்காது. “உள்ள போறவன் ஒண்ணு வாங்குவான் சார். வெளிய வர்றவன் மூணு வாங்குவான்” என்றார் ஒருநாள், தொழில் ரகசியம் சொல்லும் குரலில்.

வெளியே வருகிறவர் மூன்று வாங்குவதில் புதுமை இல்லை. குடித்தால் புகை கேட்கும் என்பது குடிக்காதவர்களுக்கும் தெரிந்த சங்கதி. உள்ளே போகிறவர் வாங்கும் அந்த ஒன்றுதான் எனக்கு உறுத்தலாக இருந்தது. புகை குடியை இழுக்குமா? பக்கத்து வீட்டில் டிராவல்ஸ் வண்டி ஓட்டும் அண்ணனிடம் கேட்டேன். “தம்மு போட்டா கிக்கு கூடும் தம்பி, அதான்” என்று முடித்துவிட்டார். சுகம் கூடுகிறது, அதனால் குடி கூடுகிறது என்பது அவர் கணக்கு. ஆராய்ச்சியாளர்களும் பல வருடங்கள் ஏறக்குறைய இதே கணக்கைத்தான் போட்டுக்கொண்டிருந்தார்கள். பிறகு எலிகளின் மூளையில் அளந்து பார்த்தபோது விடை தலைகீழாக வந்தது.

கிளர்ச்சியூட்டி என்றதும் கொக்கெய்ன், மெத் போன்ற பெயர்கள்தான் நினைவுக்கு வரும். நிகோடினும் அதே வகுப்புதான். சிகரெட்டை உள்ளிழுத்த பத்துப் பதினைந்து விநாடிகளில் மூளையை எட்டும், இதயத் துடிப்பை ஏற்றும், கவனத்தைக் கூராக்கும். மது இதற்கு எதிர்த் திசையில் போவது. காபா என்னும் அடக்கும் ரசாயனத்துக்குத் துணை நின்று, குளுட்டமேட் என்னும் தூண்டும் ரசாயனத்துக்குக் கடிவாளம் போடுகிறது. ஒன்று ஏற்றுவது, ஒன்று இறக்குவது. ஆனாலும் குடிநோயாளிகளில் பெரும்பான்மையோர் புகைப்பவர்களாகவும் இருக்கிறார்கள். இந்தப் பொருத்தத்துக்குப் பழக்கதோஷம் என்பதற்கு மேல் ஏதோ காரணம் இருந்தாக வேண்டும்.

முதல் துப்பு 1988இல் இத்தாலியின் சார்டீனியா தீவிலிருந்து வந்தது. காலியாரி பல்கலைக்கழகத்தின் கேயெட்டானோ தி கியாராவும் அசுந்தா இம்பெராத்தோவும் எலிகளின் மூளைக்குள் நுண்குழாய் செருகி, அவை தம்போக்கில் நடமாடும்போதே மூளைத் திரவத்தைச் சொட்டுச் சொட்டாக எடுத்து அளந்தார்கள். ஆம்ஃபெட்டமின், கொக்கெய்ன், நிகோடின், அபின் வகைகள், மது என ஒன்றுக்கொன்று உறவில்லாத பொருள்கள் எல்லாமே நியூக்ளியஸ் அக்கம்பென்ஸ் என்ற ஒரே இடத்தில் டோபமின் என்ற மூளை ரசாயனத்தை உயர்த்தின. கொக்கெய்ன், டோபமினைத் திரும்ப உறிஞ்சும் வாயிலை அடைத்து உயர்த்துகிறது. நிகோடின், அசிட்டைல்கோலின் என்ற இயல்பான ரசாயனத்துக்காக உள்ள ஏற்பிகளில் போய் உட்கார்ந்து டோபமின் செல்களைத் தட்டி எழுப்புகிறது. மது பல சுற்று வழிகளில் வருகிறது. வழி எதுவானாலும் போய்ச் சேரும் குளம் ஒன்று.

சுவீடனின் கோதன்பர்க் ஆய்வாளர்கள் இன்னொரு முடிச்சை அவிழ்த்தார்கள். மெக்கமைலமின் என்பது பழைய ரத்தக்கொதிப்பு மருந்து. நிகோடின் ஏற்பிகளை அடைக்கக்கூடியது. அதைக் கொடுத்துவிட்டு எலிகளுக்கு மது கொடுத்தால், மதுவால் வரும் டோபமின் ஏற்றம் மட்டுப்பட்டது. அதாவது ஒரு சிகரெட்கூடத் தொடாதவர் குடித்தாலும் அவர் மூளையில் மது ஓரளவுக்கு நிகோடினின் கதவு வழியாகத்தான் நுழைகிறது. பெட்டிக்கடையும் டாஸ்மாக்கும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பது தெருமுனையில் மட்டும் அல்ல.

இதுவரை டிரைவர் அண்ணனின் கணக்கு தேறிவிடும். ஒரே குளத்துக்கு இரண்டு குழாய். இரண்டையும் திறந்தால் நீர்மட்டம் ஏறும். ஆனால் குழாய்களை ஒரே நேரத்தில் திறக்காமல், ஒன்றைத் திறந்து மூடி, மறுநாள் மற்றதைத் திறந்தால்?

ஜான் டானி என்ற அமெரிக்க நரம்பியலாளரின் குழு 2013இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் கேட்டது. எலிகளுக்கு ஒரு தரம் நிகோடின் ஊசி. பிறகு காத்திருந்தார்கள். எலியின் உடலில் நிகோடின் ஒரு மணி நேரம் அளவிலேயே பாதியாகிவிடும். பதினைந்து மணி நேரம் கழித்து ரத்தத்தில் பேருக்குக்கூட இருக்காது. அந்த நிலையில் மதுவை எட்டவைத்தபோது, நிகோடின் பார்த்த எலிகள் மற்ற எலிகளைவிட அதிகமாகக் குடித்தன. இது எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதது, மது உள்ளே போனதும் அவற்றின் டோபமின் எப்படி நடந்துகொண்டது என்பது. ஏற்றம் கூடவில்லை. வழக்கமாக வரும் அளவுக்குக்கூட வரவில்லை. குடித்தது கூடுதல், கிடைத்தது குறைவு.

ஏன் குறைந்தது என்று தேடிப் போனவர்கள், சற்றும் தொடர்பில்லாததாகத் தோன்றும் ஓர் இடத்தில் போய் நின்றார்கள். நிகோடின் உடலுக்கு ஒரு சிறிய அதிர்ச்சி. அட்ரினல் சுரப்பி, மன அழுத்தத்தின்போது சுரக்கும் அதே ஹார்மோனை அப்போது ரத்தத்தில் விடுகிறது. அந்த ஹார்மோன் நடுமூளைக்குப் போய், டோபமின் செல்களின் மேல் உட்கார்ந்திருக்கும் அடக்கும் செல்களுக்கு வலுக்கூட்டிவிடுகிறது. நிகோடின் போய்விட்டாலும் அந்த அடக்குமுறை மறுநாள்வரை நீடிக்கிறது. இதைச் சோதிக்க அவர்கள் பயன்படுத்தியது மிஃபெப்ரிஸ்டோன். கருக்கலைப்பு மாத்திரையாக நாம் அறிந்த மருந்து, ஆனால் மன அழுத்த ஹார்மோனின் ஏற்பியையும் அடைக்கும். நிகோடினுக்கு முன்னால் அதைக் கொடுத்த எலிகளில் டோபமின் இயல்பாக ஏறியது. கூடுதல் குடியும் இல்லை. டென்ஷனுக்காகத்தான் ஒரு தம் என்கிறவர்கள் இந்த இடத்தைக் கொஞ்சம் நின்று படிக்கலாம். உடம்பின் கணக்கேட்டில் அந்தத் தம் டென்ஷன் பக்கத்திலும் ஒரு வரவாக எழுதப்படுகிறது.

அடுத்த சில ஆண்டுகளில் அதே குழு இன்னும் உள்ளே போனது. காபா என்பது அடக்கும் ரசாயனம் என்று பாடப்புத்தகம் சொல்கிறது. அது அடக்குவதற்கு, செல்லுக்குள் குளோரைடின் அளவு குறைவாக இருக்க வேண்டும். உள்ளே வந்த குளோரைடை வெளியே இறைத்துக்கொட்ட ஒரு பம்பு உண்டு. மன அழுத்தத்துக்கு உள்ளான எலிகளில், நடுமூளையின் காபா செல்களில் அந்தப் பம்பு தளர்ந்துபோகிறது என்று 2016இல் காட்டினார்கள். குளோரைடு உள்ளே தேங்கத் தேங்க, அந்தச் செல்களை அடக்க வேண்டிய காபாவே அவற்றைக் கிளப்பிவிடுகிறது. கிளம்பிய காபா செல்கள் டோபமின் செல்களை மேலும் அமுக்குகின்றன. காவலாளியைக் கண்காணிக்க வந்தவரே காவலாளிக்குக் கூடுதலாக ஒரு லத்தி கொடுத்துவிட்டுப் போனதுபோல. பம்பை மருந்தால் சரிசெய்தபோது, அந்த எலிகளின் குடி இயல்பு நிலைக்கு வந்தது.

2018இல் வந்த ஆய்வுதான் என்னை உட்கார வைத்தது. வளரிளம் பருவத்து எலிகளுக்குச் சில நாட்கள் நிகோடின் கொடுத்தார்கள்; பிறகு நிறுத்திவிட்டார்கள். அவை வளர்ந்து முழு எலிகளான பிறகும் அந்தப் பம்பு சீராகவில்லை. வளர்ந்த பருவத்தில் கூடுதலாகக் குடித்தன. முழு வளர்ச்சி அடைந்த பிறகு நிகோடின் பார்த்த எலிகளுக்கு இந்த நீண்ட கால மாற்றம் வரவில்லை. தமிழ்நாட்டில் குட்காவும் பான்மசாலாவும் 2013இல் தடை செய்யப்பட்டன. ஆனாலும் உதட்டுக்கடியில் ஒதுக்கிவைக்கும் புகையிலைப் பொட்டலங்கள் பள்ளி மாணவர்களின் பையில் பிடிபடும் செய்தி வந்துகொண்டேதான் இருக்கிறது. அந்தச் செய்திகளில் பேச்சு எப்போதும் வாய்ப்புற்றுநோயைப் பற்றியே இருக்கும். அது நியாயமான பயம். பத்து வருடம் கழித்து அந்தப் பையன் டாஸ்மாக் வரிசையில் நிற்பதற்கும் அந்தப் பொட்டலத்துக்கும் சம்பந்தம் இருக்கலாம் என்று யாரும் எழுதி நான் படித்ததில்லை. எலியில் கண்டதை மனிதனுக்கு அப்படியே பெயர்த்துவைக்க முடியாதுதான். ஆனால் கேள்வியை எழுப்ப அது போதும்.

குறைவாகக் கிடைப்பதை எதற்காக அதிகமாகத் தேட வேண்டும்? டோபமின் என்றால் சுகம் என்று நாம் சுருக்கிப் புரிந்துகொண்டதில்தான் கோளாறு. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் கென்ட் பெரிட்ஜ், எலிகளின் முகத்தைப் படம் பிடித்துப் படித்தவர். நாக்கில் சர்க்கரைத் தண்ணீர் பட்டால் எலி நாக்கைச் சின்னதாக நீட்டி உதட்டை நக்கும். கசப்பு பட்டால் வாயைப் பிளந்து தலையை உதறும். கைக்குழந்தையும் கிட்டத்தட்ட அப்படித்தான் செய்யும். டோபமினை ஏறக்குறைய முழுவதுமாக அழித்த எலிகளின் நாக்கில் சர்க்கரைத் தண்ணீர் விட்டார்கள். அவை வழக்கம்போல் உதட்டை நக்கின. ஆனால் தட்டில் இருக்கும் உணவை எடுத்துத் தின்ன ஓர் அடிகூட நகரவில்லை. ருசி இருந்தது, நாட்டம் இல்லை. பெரிட்ஜும் டெர்ரி ராபின்சனும் 1993இல் இதை ஒரு கொள்கையாகவே முன்வைத்தார்கள்: போதைப்பழக்கத்தில் வளர்வது நாட்டம், ருசி அதோடு சேர்ந்து வளர்வதில்லை. ‘முன்ன மாதிரி இல்லப்பா’ என்று சொல்லிக்கொண்டே அடுத்த கட்டிங்குக்கு ஆள் தேடுகிறவர்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

நிகோடின் பார்த்த மூளையில் மது, கொடுக்க வேண்டியதைக் கொடுக்காமல் பாக்கி வைக்கிறது. அந்தப் பாக்கியை வசூலிக்கத்தான் கூடுதல் குடி என்பது என் வாசிப்பு. இதற்கு வயிறும் தன் பங்குக்கு உடந்தை. நிகோடின் இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்துகிறது. மதுவை உறிஞ்சும் வேலை பெரும்பாலும் சிறுகுடலில் நடப்பதால், நிகோடின் பெற்ற எலிகளின் ரத்தத்தில் மதுவின் உச்ச அளவு குறைவாகவே இருந்தது. மூளையிலும் பாக்கி, ரத்தத்திலும் பாக்கி.

மனிதர்களிடம் இதைச் சோதிப்பது சுலபம் அல்ல. கனடாவில் ஷான் பாரெட்டின் குழு, குடிக்கும் பழக்கமும் புகைக்கும் பழக்கமும் உள்ள, ஆனால் குடிக்கு அடிமையாகாத ஆண்களுக்கு ஒரு நாள் சாதாரண சிகரெட்டும் இன்னொரு நாள் நிகோடின் நீக்கிய சிகரெட்டும் கொடுத்தது. அடுத்தடுத்த மதுவுக்கு மேலும் மேலும் உழைத்தால்தான் கிடைக்கும் என்ற ஏற்பாடு. நிகோடின் உள்ள நாளில் அவர்கள் கூடுதலாக உழைத்துக் கூடுதலாகக் குடித்தார்கள். அதே ஆண்டு, 2006இல், சிகாகோவில் நிகோடின் பட்டையை ஒட்டிப் பார்த்த ஹாரியட் டி விட் குழுவுக்கு வேறு மாதிரி விடை. ஆண்கள் கூடுதலாகக் குடித்தார்கள், பெண்கள் குறைவாக. ஏன் என்பதற்கு ஒப்புக்கொள்ளத்தக்க விளக்கம் இன்னும் வரவில்லை. எல்லாம் புரிந்துவிட்டது என்று எழுத உட்காரும் யாருக்கும் இந்த முடிவு நல்ல தடைக்கல்.

இன்னொரு கிளர்ச்சியூட்டியான காஃபீனின் விஷயம் வேறு வகை. மது, அடினோசின் என்ற தூக்கம் தரும் ரசாயனத்தைக் கூட்டுகிறது. காஃபீன் அதன் ஏற்பியை அடைக்கிறது. போதை அப்படியே இருக்கும், தூக்கம் மட்டும் வராது. கண் விழித்த போதை. ‘போதும்’ என்று உடம்பு சொல்லும் குரல் அமுங்கிவிடுவதால் கை அடுத்த கிளாசுக்குப் போகும். 2010 நவம்பரில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம், காஃபீன் கலந்த மதுபானங்களைத் தயாரித்த நான்கு நிறுவனங்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியதற்கு இதுதான் பின்னணி. குடித்தவருக்கு ஸ்ட்ராங் காபி கொடுத்துத் தெளியவைக்கும் வீட்டு வைத்தியமும் இதே கதைதான். ரத்தத்தில் இருக்கும் மது ஒரு சொட்டுகூடக் குறையாது. பைக் சாவியை எடுக்கும் தைரியம் மட்டும் வரும்.

கொக்கெய்னும் மதுவும் சேரும்போது கல்லீரலே ஒரு புதுச் சரக்கைத் தயாரிக்கிறது. கொக்கெய்னை உடைக்கும் கல்லீரல் நொதி ஒன்று, வழக்கமாக நீர் மூலக்கூறைப் பயன்படுத்தி அதை வெட்டிச் செயலிழக்கச் செய்யும். ரத்தத்தில் மது இருந்தால், அந்த நொதி நீரின் இடத்தில் எத்தனாலைப் பொருத்திவிடுகிறது. தண்ணீருக்குப் பதில் ‘தண்ணி’. விளைவது கொக்காஎத்திலீன். கொக்கெய்னைப் போலவே டோபமின் வாயிலை அடைக்கும். கொக்கெய்னைவிட நீண்ட நேரம் ரத்தத்தில் நிற்கும். இதயத்துக்கு அதைவிடக் கெடுதல். இரண்டு போதைப்பொருள்கள் உடம்புக்குள் சேர்ந்து மூன்றாவதாக ஒன்றை உண்டாக்குவதற்கு, இதைப் போல் தெளிவாக அறியப்பட்ட உதாரணங்கள் மிகக் குறைவு. பாரிஸில் ஆஞ்செலோ மரியானி 1863இல் போர்டோ வைனில், கொக்கெய்னுக்கு மூலமான கோக்கா இலையை ஊறவைத்து விற்ற டானிக் ஐரோப்பா முழுக்கப் புகழ் பெற்றது. போப் பதின்மூன்றாம் லியோ அதற்குத் தங்கப் பதக்கமே கொடுத்தார். அட்லாண்டாவின் ஜான் பெம்பர்ட்டன் 1885இல் அதைப் போலவே ஒரு கோக்கா வைன் செய்தார். ஊரில் மதுவிலக்கு வந்ததும் வைனை எடுத்துவிட்டுச் சர்க்கரைப் பாகு சேர்த்தார். 1886இல் கோக்கா கோலா பிறந்தது. அந்த வைன் ஏன் அப்படி இழுத்தது என்பதன் ரசாயனம் இன்னும் ஒரு நூற்றாண்டு கழித்துத்தான் துலங்கியது.

எது முதலில் வருகிறது என்பதும் சின்ன விஷயம் அல்ல. எரிக் கேண்டலின் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வகம் 2011இல் எலிகளில் காட்டியது: முதலில் நிகோடின், பிறகு கொக்கெய்ன் என்றால் கொக்கெய்னின் பிடி இறுகுகிறது, வரிசையை மாற்றினால் இறுகுவதில்லை. மதுவை வைத்து 2017இல் செய்தபோதும் அதே வரிசைதான். நாள்கணக்கில் மது பார்த்த எலிகள், பிறகு மின்னதிர்ச்சி வாங்கிக்கொண்டும் கொக்கெய்னைத் தேடின. மது, மரபணுக்களை இறுக்கிச் சுருட்டிவைக்கும் இரண்டு புரதங்களைச் சிதைத்துவிடுவதால், அடுத்து வரும் கொக்கெய்னுக்குப் பூட்டு ஏற்கெனவே திறந்திருக்கிறது. அதே ஆய்வில் வேறு எலிகளுக்குக் கொக்கெய்னை முதலில் கொடுத்தபோது மதுப்பழக்கம் கூடவில்லை. எனவே ‘கிளர்ச்சியூட்டிகள் குடியைக் கூட்டும்’ என்று ஒட்டுமொத்தமாக எழுதுவது தவறு. நிகோடின் கூட்டுகிறது என்பதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. கொக்கெய்னில் இழுப்பு பெரும்பாலும் எதிர்த் திசையிலிருந்து வருகிறது.

சிகிச்சைக்கு வருவோம். டைசல்ஃபிராமைத் தமிழ்நாட்டில் ‘குடியை நிறுத்தும் மாத்திரை’ என்றால்தான் தெரியும். கணவருக்குத் தெரியாமல் சாம்பாரில் கலந்து கொடுக்கும் வீடுகள் உண்டு. அதன் மேல் அவர் குடித்தால் உயிருக்கே ஆபத்தாகலாம் என்பது அந்த வீடுகளுக்குத் தெரிவதில்லை. குடித்தால் வாந்தியும் படபடப்பும் வரவழைக்கும் இந்த மருந்தை, யேல் பல்கலைக்கழகத்தில் கொக்கெய்னும் குடியும் சேர்ந்தவர்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். குடி குறைந்தால் கொக்கெய்னும் குறையும் என்பது எதிர்பார்ப்பு, குறையத்தான் செய்தது. ஆனால் 2004 ஆய்வில், குடிக்கு அடிமையாகாதவர்களிடம்தான் அது கூடுதலாக வேலை செய்தது! டோபமினை நார்அட்ரினலினாக மாற்றும் நொதியையும் டைசல்ஃபிராம் முடக்குகிறது என்பதே அப்போது சொல்லப்பட்ட விளக்கம். பின்னால் வந்த ஆய்வுகள் எல்லாம் அந்தப் பலனை உறுதி செய்யவில்லை. இருந்தாலும் குடிக்கான மருந்து, குடியைத் தொடாமலே வேலை செய்த அந்த ஒரு முடிவு எனக்குப் பிடித்தமானது.

புகைக்கும் குடிக்கும் சேர்த்து வேலை செய்யும் மருந்தாகப் பேசப்படுவது வரெனிக்லின். புகையை விடுவதற்கான மருந்தாக 2006இல் அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்டது. நிகோடின் ஏற்பியில் பாதி அழுத்தத்தில் உட்காரும். அதனால் முழு நிகோடினுக்கு இடம் இராது. எலிகளில் மதுவையும் குறைத்தது. 2013இல் 200 குடிநோயாளிகளிடம் நடந்த அமெரிக்கச் சோதனையில், மிதமிஞ்சிக் குடிக்கும் நாட்களைக் குறைத்தது. 2018இல் வந்த இன்னொரு சோதனையில் பலன் ஆண்களிடம் மட்டுமே தெரிந்தது. சிகாகோவின் நிகோடின் பட்டை ஞாபகம் வருகிறது.

குடிநோய் சிகிச்சையில் புகையைக் கண்டும் காணாமல் விடுவது உலக வழக்கம். ‘ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்’ அமைப்பைத் தொடங்கிய பில் வில்சன் 1934இல் குடியை விட்டவர், கடைசிவரை தொடவில்லை. 1971இல் நுரையீரல் நோயால் இறந்தார். சிகரெட்டை விட முடியாமல் திணறியவர். மின்னசோட்டாவின் மேயோ கிளினிக்கில் 1972 முதல் 1983 வரை போதை சிகிச்சை பெற்ற 845 பேரைப் பின்தொடர்ந்து 1996இல் எண்ணிப் பார்த்தார்கள். இறந்தவர்களில் 50.9 சதவீதம் பேருக்குப் புகையிலை தொடர்பான காரணம். மது தொடர்பானது 34.1 சதவீதம். எதற்காகச் சேர்த்தார்களோ அது கொன்றதைவிட, எதை வராந்தாவில் அனுமதித்தார்களோ அது அதிகம் பேரைக் கொன்றது.

அப்படியானால் இரண்டையும் சேர்த்தே விடச் சொல்லலாமே? 2004இல் ஒரே வருடத்தில் இரண்டு விடைகள் வந்தன. 19 சோதனைகளைத் தொகுத்த ஜூடித் ப்ரோச்சாஸ்காவின் குழு, புகைக்கும் சேர்த்துச் சிகிச்சை பெற்றவர்கள் மதுவையும் மற்றப் போதைகளையும் நீண்ட காலம் விட்டிருக்கும் வாய்ப்பு 25 சதவீதம் கூடுதல் என்றது. மின்னசோட்டாவில் 499 பேரிடம் நடந்த தனிச் சோதனையோ, புகைக்கான சிகிச்சையை உடனே தொடங்கியவர்களைவிட ஆறு மாதம் தள்ளித் தொடங்கியவர்கள்தான் மதுவைச் சற்று நன்றாக விட்டிருந்தார்கள் என்றது. என் சாய்வு முதலாவதன் பக்கம். ஆனால் முதல் வாரத்திலேயே இரண்டையும் பிடுங்கிக்கொள்ளும் வார்டில் படுத்திருப்பவன் நான் இல்லை.

டிராவல்ஸ் அண்ணன் குடியை விட்டு எட்டு மாதம் ஆகிறது. ஒவ்வொன்றாக விடலாம் என்று அவருடைய டாக்டர் சொன்னாராம். போன வாரம் பெட்டிக்கடையில் பார்த்தேன். சணலில் தொங்கிய லைட்டரை இழுத்துப் பற்றவைத்து, முதல் இழுப்பை விட்டுவிட்டுச் சொன்னார்: “சரக்கு நினைப்பே இல்ல தம்பி. இதப் பத்த வெச்சா மட்டும் இந்தக் கை சும்மா இருக்க மாட்டேங்குது.” அவருடைய இடது கை, ஒரு கிளாசைப் பிடிக்கும் வாக்கில் பாதி வளைந்து நின்றது. அதைப் பார்த்துவிட்டுக் கடைக்காரர் அதில் ஒரு கடலை மிட்டாயை வைத்தார்.